மூன்று கம்பிகளுக்காக ஒரு வாதம்

ரேடியோவால் இயங்கும் மண்தரைக் கார்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஓர் எண்ணம் யாராலும் கேள்வி கேட்கப்படாமல் நிலைபெற்றுவிட்டிருக்கிறது. பெட்டிக்குள் உதிரியாக வரும் பாகங்களைக் கோத்து ஒரு காரை எழுப்புவது கலை; எழுப்பிய காருக்குள் சர்வோ, ரிசீவர், வேகக் கட்டுப்படுத்தி ஆகியவற்றைப் பொருத்துவது அந்தக் கலை முடிந்தபின் செய்து தொலைக்கவேண்டிய எடுபிடி வேலை. இதன் நீட்சியாகவே, அந்த எடுபிடி வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டால் நல்லதுதானே என்ற கேள்வி பிறக்கிறது. அடுத்த நீட்சியாக, காரையே முழுதாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லதல்லவா என்பதும் வந்து சேர்கிறது. சந்தை இவ்விரண்டையும் செய்து முடித்துவிட்டது. நாங்கள் மறுக்க விரும்புவது முதல் எண்ணத்தை. அது சரிந்தால் மற்ற இரண்டுக்கும் நிற்க இடமிராது.

இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மைக் காருக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை நம்மில் பலர் கொண்டாடியிருக்கிறோம். அதன் கதைசொல்லி பிழைப்புக்காக எழுதுவது இயந்திரக் கையேடுகளை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். கையேடும் ஒரு பிரதிதான். தவறாக வாசித்தால் உடனே புகை வரும் மிகச் சில பிரதிகளுள் ஒன்று என்பது அதன் கூடுதல் தகுதி.

விஷயத்துக்கு வருவோம். அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி வகைக் கார் ஒன்றின் கிட்டை வாங்கினால் பெட்டிக்குள் அடித்தட்டு இருக்கும், சஸ்பென்ஷன் கைகள் இருக்கும், பல்சக்கரங்கள் இருக்கும், நாமே எண்ணெய் ஊற்றி மூடவேண்டிய ஷாக் அப்சார்பர்கள் இருக்கும். வழக்கமாக இல்லாதவை: கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், காருக்குள் அமரும் ரிசீவர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, அதற்கான சார்ஜர். பந்தயத்துக்கென வரும் கிட்டுகள் பலவற்றில் மோட்டாரும் வேகக் கட்டுப்படுத்தியும்கூட இரா. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்திடமிருந்து வரக்கூடியவை. கையேட்டை எழுதியவருக்கும் உங்கள் மேசைமேல் கிடக்கும் பொருளுக்கும் முன்னறிமுகம் கிடையாது. அதுவரை 'இந்தத் திருகாணியை இந்தத் துளையில்' என்று விரலைப் பிடித்து அழைத்துவந்த பிரதி, இந்த இடத்தில் விரலை விட்டுவிடுகிறது. கட்டுபவர் முதன்முறையாகத் தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வாதம் முழுக்க இந்த இடத்தைப் பற்றியதுதான்.

இந்த இடத்தின் அருமை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் தனது முதல் ரேடியோ காரை 1976இல் வெளியிட்டது. அது தார்த்தரையில் ஓடும் போர்ஷே 934. மண்தரைக்கென 1979இல் ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும் வந்தன. இவ்விரண்டின் நடுவிலும் ரேடியோ உறுப்புகளுக்கென்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. மண்ணும் நீரும் புகாதபடி மூடிய அந்தப் பெட்டியைப் பார்ப்பவருக்கு, முதலில் ரேடியோவுக்கு வீடு கட்டிவிட்டுப் பிறகுதான் காரை வரைந்தார்களோ என்று தோன்றும். இக்கார்கள் 2009இலும் 2010இலும் மறுபதிப்பாக வந்தபோதும் அந்த வீடு இருந்தது.

தாமியாவின் கையேடுகளில் எங்களுக்கு மிகப் பிடித்த பக்கம், ரேடியோவைச் சரிபார்க்கச் சொல்லும் பக்கம். அது கடைசியில் வராது. கார் பாதி எழும்பியிருக்கும்போதே குறுக்கிடும். டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கு, பிறகு காரை இயக்கு, டிரிம்களை நடுவில் வை, சர்வோ நடுநிலைக்கு வந்ததைப் பார், அதன் பிறகே பொருத்து என்று எண்ணிட்டுச் சொல்லும். எந்த நிறுவனத்தின் சர்வோவுக்கு எந்தத் துண்டைப் பயன்படுத்தவேண்டும் என்று ஓர் அட்டவணையும் கூடவே இருக்கும். ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என நான்கு மொழிகளில் அச்சாகும் அந்தக் கையேடு, முன்னறிமுகமில்லாத பொருளோடு பேச ஒரு மொழியைக் கண்டுபிடித்திருந்தது. பின்னால் வந்த பல நிறுவனங்களுக்கு இந்தப் பொறுமை வாய்க்கவில்லை. 'உங்கள் ரேடியோவின் கையேட்டைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரியோடு அவர்கள் கைகழுவிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பழமை ஏக்கம் என்று எவரேனும் சொல்லக்கூடும். இல்லை. அந்நாட்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டாவதாக ஒரு சர்வோ இருந்தது. அது ஓர் உலோகக் கையைத் தொடுதகடுகளின் மேல் நகர்த்தும், மெதுவாகப் போகவேண்டுமென்றால் மின்சாரத்தின் ஒரு பகுதி மின்தடையில் வெறும் வெப்பமாக வீணாகும், தொடுதகடு கருகும். மின்னணு வேகக் கட்டுப்படுத்தி அந்த அபத்தத்தை ஒழித்தது. அதற்காக ஒப்பாரி வைக்க நாங்கள் தயாரில்லை.

*

எடுபிடி வேலை எனப்படுவதில் என்னதான் நிகழ்கிறது என்று பார்ப்போம். சர்வோவையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழத் தீப்பெட்டியளவுள்ள கருப்புப் பெட்டி. உள்ளே ஒரு சிறு மோட்டார், பல்சக்கர வரிசை, அச்சு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று உணரும் ஒரு மாறு மின்தடை, ஒரு சிறு மின்சுற்று. வெளியே மூன்று கம்பிகள்: ஒன்று எதிர்முனை, ஒன்று நேர்முனை, மூன்றாவது கட்டளைக்கானது. கட்டளைக் கம்பியில் நொடிக்குச் சுமார் 50 முறை ஒரு துடிப்பு வருகிறது. அது 1.5 மில்லிநொடி நீடித்தால் 'நடுவில் நில்' என்று பொருள். 1 மில்லிநொடிக்குக் குறுகினால் ஒரு கோடி, 2 மில்லிநொடிக்கு நீண்டால் மறுகோடி. சர்வோ தன் நிலையையும் வந்த கட்டளையையும் ஒப்பிட்டு, வேறுபாடு தீரும்வரை திரும்பிக்கொண்டே இருக்கிறது. உலகெங்கும் எந்த நிறுவனத்தின் சர்வோவும் எந்த நிறுவனத்தின் ரிசீவரோடும் பெரும்பாலும் ஒத்துப்போவது இந்தப் பொது வழக்கினால்தான்.

அதன் அச்சின் நுனியில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். ஃபுடாபாவில் 25, ஹைடெக்கில் 24, சான்வாவில் 23. அந்தப் பற்களின் மேல்தான் சர்வோவின் கை எனத்தக்க சிறு துண்டு அமர்கிறது. (ஹார்ன் என்பார்கள், ஒலியெழுப்புவது அல்ல.) 25 பற்கள் என்றால் ஒரு பல் தள்ளி அமர்த்தினால் 14.4 பாகை தவறிவிடும். ஆகவே மின்சாரம் கொடுத்து, டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ தன் நடுநிலையைத் தானே கண்டடைந்த பிறகுதான் கையைப் பொருத்தவேண்டும். கைக்குப் பிறகு, சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் நீளம். அதற்கும் பிறகே, திரும்பும் எல்லைகளை டிரான்ஸ்மிட்டரில் வகுப்பது.

இந்த வரிசையை மாற்றினால் என்ன நேரும்? கையை முதலில் மாட்டியவரின் காரில் சக்கரம் கோணலாக நிற்கும். அவர் டிரிம்மைத் திருகிச் சரிசெய்வார். பார்க்க நேராகிவிடும். ஆனால் நடு நகர்ந்துவிட்டதால் ஒரு பக்கத்துக்கான வீச்சு குறைந்திருக்கும். கார் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பும். வலப்பக்கம் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். எல்லைகளை வகுக்காமல் விட்டாலோ, சக்கரம் முட்டி நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கும். மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அந்த ரீங்காரம் வீணாக இழுக்கப்படும் மின்னோட்டம். சர்வோவுக்கும் ரிசீவருக்கும் 5 அல்லது 6 வோல்ட் தந்துகொண்டிருக்கும் வேகக் கட்டுப்படுத்தியின் துணைச்சுற்று அதில் தடுமாறினால், ரிசீவர் ஒரு கணம் கண்ணயரும். திருப்பத்தின் நடுவே கார் திடீரென நின்றுவிடும். உடையவர் பேட்டரியைச் சந்தேகிப்பார், மோட்டாரைச் சந்தேகிப்பார். நோயோ ஸ்டியரிங்கில் இருக்கும். விளைவு ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும் இத்தகைய சிக்கலை நிதானமாகப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிப்பதற்கு எடுபிடி வேலை என்று பெயரிட்டவர் அந்த வேலையைச் செய்தவராக இருக்க முடியாது.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்லவேண்டும். 27 மெகா ஹெர்ட்ஸ் காலத்தில் ரிசீவரிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பி ஒன்று தொங்கும். நீளம் அசிங்கமாக இருக்கிறதென்று அதை நறுக்கியவர்களும் சுருட்டிக் கட்டியவர்களும் தங்கள் கார் எட்டடி தூரத்தில் பைத்தியமாவதைக் கண்டு ரேடியோ நிறுவனத்தைச் சபித்தார்கள். கரித்துண்டு உரசி ஓடும் மோட்டாரின் பொறியே ஓர் ஒலிபரப்பு நிலையம். அதை அடக்கத்தான் மோட்டாரின் இரு முனைகளுக்கும் கூட்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்றைப் பற்றவைக்கிறோம். இப்போது 2.4 கிகா ஹெர்ட்ஸ் வந்து குறுக்கீட்டுத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆயினும் ஆன்டெனாவின் இயற்பியல் ஓய்வுபெறவில்லை. அலைநீளமே 12.5 சென்டிமீட்டர், அதில் நான்கில் ஒன்றான சுமார் 31 மில்லிமீட்டர் வெற்று நுனிதான் கேட்கும் காது. அதைக் கார்பன் தகட்டுக்குக் கீழும் பேட்டரிக்குப் பக்கத்திலும் செருகிவிட்டு, புதிய தொழில்நுட்பத்துக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று முழங்குபவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

(பழைய முறையில் ஒன்றை மட்டும் இழப்பாகவே கருதுகிறோம். 27 மெகா ஹெர்ட்ஸில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு வண்ணங்களால் அலைவரிசைகளைக் குறிப்பார்கள். ஒரே வண்ணக் கொடி வைத்திருக்கும் இருவர் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. ஆகவே மைதானத்துக்கு வந்தவர் முதலில் வாய் திறந்து அயலாரிடம் கேட்டாக வேண்டும். இப்போது கேட்கவேண்டியதில்லை.)

*

இதுவரை சொன்னவற்றில் தவறினால் கார் ஓடாது, அவ்வளவுதான். பேட்டரி அப்படியல்ல. ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிகளின் இடத்தை இன்று பெரும்பாலும் இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரிகள் பிடித்துவிட்டன. பெயரளவில் 7.4 வோல்ட், முழுதாக ஏற்றினால் 8.4. இதன் ஒரு செல் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடலாகாது. இறங்கினால் செல் சீரழியும், உப்பும். அப்படிக் கெட்ட பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்கையில் தீப்பற்றும் ஆபத்து உண்டு. இதைத் தடுக்கும் வெட்டு, வேகக் கட்டுப்படுத்தியில் இருக்கிறது. ஆனால் எந்த வகைப் பேட்டரி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். சிலவற்றில் அது நகத்தளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஜம்பரை ஒரு துளை தள்ளிச் செருகும் வேலை. அதை நிக்கல் நிலையில் விட்டுவிட்டு லித்தியம் பேட்டரியை மாட்டினால் கார் குறையேதும் இல்லாமல் ஓடும். மிக நன்றாகவே ஓடும். சேதம் உள்ளே நிகழ்ந்துகொண்டிருக்கும்.

இந்த ஜம்பர் இருக்கும் இடத்தை, தானே நிறுவியவர் அறிவார். பெட்டியைத் திறந்தவுடன் ஓட்டக் கற்றவர் எப்படி அறிவார்? அவருடைய கார் நிக்கல் பேட்டரியோடு வந்தது. ஆறு மாதம் கழித்து யாரோ லித்தியம் வேகமானது என்றார்கள். வாங்கினார். இணைப்பான் பொருந்தியது. பொருந்தியதால் சரி என்று எண்ணினார். எங்கள் எதிர்த்தரப்பு எங்கே சிரமம் குறைந்தது என்கிறதோ அங்கே அறிவும் சேர்ந்தே குறைந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எங்களிடம் இல்லை. வீட்டுக்குள், பெரும்பாலும் பிள்ளைகள் உறங்கும் அறையில், இரவில் சார்ஜ் ஏறும் பொருள் அது.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. முழுதாகக் கட்டி வரும் கார் மலிவு. உதிரியாக ஒவ்வொன்றையும் வாங்கினால் செலவு ஏறும். எல்லோருக்கும் சால்டரிங் செய்யக் கை நிலைக்காது; எல்லோருக்கும் அதற்கென ஒரு மேசையோ ஒரு மாலைப்பொழுதோ இராது. அத்தகைய கார்கள் வராமல் இருந்திருந்தால் இந்தப் பொழுதுபோக்கு இத்தனை பிள்ளைகளை எட்டியிருக்காது. முழுதும் ஒப்புக்கொள்கிறோம். கட்டி முடித்துக் கொடுப்பது எங்களுக்குச் சண்டையில்லை. கட்டியதைப் பிரிக்கவே முடியாதபடி கொடுப்பதுதான் சண்டை.

சென்ற ஆண்டு பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் தன் காரை எங்களிடம் கொண்டுவந்தான். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை; அதைப்போல் பல உண்டு. குதித்து இறங்கியதில் சர்வோவின் பற்கள் தேய்ந்துவிட்டிருந்தன. மண்தரைக் காருக்கு இது சளி பிடிப்பதைப் போன்றது. மூன்று கம்பிச் சர்வோ ஒன்றை மாட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். திறந்தால் ஐந்து கம்பிகள். சர்வோவுக்குள் இருக்கவேண்டிய மின்சுற்றை வெளியே இழுத்து, ரிசீவர், வேகக் கட்டுப்படுத்தி ஆகியவற்றோடு ஒரே பலகையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். இரண்டு கம்பிகள் உள்ளிருக்கும் மோட்டாருக்கு, மூன்று மாறு மின்தடைக்கு. எனவே உலகத்தில் உள்ள எந்தப் பொதுச் சர்வோவும் அந்தக் காருக்கு உதவாது. அந்த மாதிரிக்கான உதிரி விற்பனையில் இல்லை. பலகையையே மாற்றலாம் என்றால், அத்தோடு பேசும் டிரான்ஸ்மிட்டரையும் மாற்றவேண்டும். தயாரித்தவருக்கு மிச்சமானது ஒரு சிறு மின்சுற்றின் விலை.

அந்தச் சிறுவன் வருவதற்கு முன் காரைத் தானே பிரித்துப் பார்த்திருந்தான். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைத்திருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை, அதனால்தான் நாங்கள் பிரிக்கவேண்டாத காரைத் தருகிறோம் என்னும் வணிகர்களுக்கு அந்த அட்டையைக் காட்ட ஆசைப்படுகிறோம்.

மறுபுறம், தீவிரப் பந்தயக்காரர்களிடமும் எங்களுக்குக் கணக்கு உண்டு. கட்டிய காரைப் படம் பிடித்துக் காட்டுவதற்காகக் கம்பிகளை அங்குலம் அங்குலமாக நறுக்கி, ஒன்றுகூடத் தளராமல் இழுத்துப் பற்றவைப்பது இவர்களுக்கு ஓர் அழகியல். மண்தரையில் குதிக்கும் காரின் அடித்தட்டு வளைந்து நிமிரும். இழுத்துக் கட்டிய கம்பி மூன்றாம் நாள் பற்றவைத்த இடத்திலேயே விட்டுப்போகும். ரிசீவரைச் சாதாரண ரப்பர் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிச் சேற்றில் ஓட்டிய பழைய ஆட்களின் கார்கள் படத்துக்கு நன்றாக இரா. ஓடின. கரித்துண்டு இல்லாத மோட்டாரில் மூன்று கம்பிகளில் எந்த இரண்டை மாற்றினாலும் சுழற்சி திசை மாறும் என்று ஒருவர் சொல்ல, சென்சார் பொருத்திய மோட்டாரில் அதையே செய்து மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த அழகியல்வாதிகளிடையே உண்டு. சென்சார் இருந்தால் ஒவ்வொரு கம்பியும் தனக்குரிய முனையிலேயே இருக்கவேண்டும்.

நாங்கள் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. கட்டி முடித்த காராகவே விற்கட்டும்; ஆனால் சர்வோ மூன்று கம்பிகளோடு இருக்கட்டும், ரிசீவரும் வேகக் கட்டுப்படுத்தியும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கட்டும். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். பேட்டரி வகைக்கான ஜம்பர் எங்கே இருக்கிறது என்பதை, கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் அல்லாமல், பேட்டரி வைக்கும் இடத்தின் மேலேயே அச்சிடட்டும். கிட் விற்பவர்கள் ரேடியோவைச் சரிபார்க்கும் பக்கத்தைக் கார் பாதியில் நிற்கும் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரட்டும். தாமியாவில் அது இருக்கிறது. பார்த்து எழுதினால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

இக்கார்களுக்கு மதிப்புரை எழுதும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். ஷாக் அப்சார்பருக்கு எந்த எண்ணெய் என்பதற்கு இரண்டு பத்தி ஒதுக்குகிறீர்கள். டயரின் முட்களுக்கு ஒரு பத்தி. மின்னணு உறுப்புகளைப் பொருத்தியாயிற்று, மைதானத்துக்குக் கிளம்பினோம் என்று அடுத்த வரியிலேயே முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு மாலை முழுதும் கிடக்கிறது. கை எந்தப் பல்லில் அமர்ந்தது, எல்லையை எவ்வளவு குறைத்தபோது ரீங்காரம் நின்றது, ஆன்டெனா நுனிக்கு எங்கே இடம் கிடைத்தது, எந்தக் கம்பி சுழலும் தண்டில் உரசப் பார்த்தது, அதை எதைக்கொண்டு கட்டினீர்கள். அடுத்த மதிப்புரையில் அதை எழுதுங்கள்.